கப்பல் படம் போட்ட ஜக்குகள்

(எமது சங்கத்தின் நூற்றாண்டை முன்னிட்டு இலண்டன் கிளை நடத்திய ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பைச் சொன்னதும் எங்கள் செயலாளர் தொலைபேசியில் சற்று நேரம் பேசாமலே இருந்தார். பிறகு, "அக்கா, எங்கட நூற்றாண்டு விழாவில வெள்ளைக்காரரின்ர ஜக்கைப் பற்றியோ?" என்றார். நியாயமான கேள்வி. நான் இங்கே இரசாயனவியல் படிப்பித்து இளைப்பாறியவள். இங்கிலாந்தின் வடகிழக்கில் ஒரு நூதனசாலையில் வாரத்தில் இரண்டு நாள் தொண்டராக வழிகாட்டுகிறேன். அங்கே ஒரு கண்ணாடி அலுமாரி நிறைய இந்த ஜக்குகள்தான். பாடசாலைப் பிள்ளைகள் வந்து மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தேடித்தான் நான் படிக்கத் தொடங்கினேன். செயலாளரின் கேள்விக்கும் பதில் அந்த அலுமாரிக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்க வேண்டும். எங்களூரில் சாப்பிடும் தட்டையே பீங்கான் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் இந்த ஜக்குகள் பீங்கான் அல்ல. மெல்லிய பீங்கான் கோப்பையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அப்பால் இருக்கும் விரலின் நிழல் தெரியும். இவற்றில் தெரியாது. இவை மண்பாண்டங்கள். வெளிறிய களிமண்ணோடு சுட்டு அரைத்த தீக்கல்லைக் கலந்து செய்து, ஈயம் சேர்ந்த கண்ணாடிப் பூச்சு பூசிச் சூளையில் வைத்தவை. ஜோசையா வெட்ஜ்வுட் 1760களில் இந்த இளமஞ்சள் மண்பாண்டத்தைச் செம்மைப்படுத்தி, சார்லட் அரசிக்கு விற்று, 'அரசியின் பாண்டம்' என்று பெயரும் வைத்துக்கொண்டார். வியாபாரம் தெரிந்த மனிதர். சீனப் பீங்கான் வாங்க வசதியில்லாத வீடுகளுக்கும் அழகான, மலிவான, கழுவ இலகுவான பாத்திரம் கிடைத்தது.

அதில் படம் எப்படி வந்தது? லிவர்பூலில் ஜோன் சாட்லர், கய் கிரீன் என்ற இருவர் 1756ஆம் ஆண்டு சத்தியக் கடதாசி ஒன்று எழுதி வைத்தார்கள். யாருடைய உதவியுமின்றி ஆறு மணித்தியாலத்துக்குள் 1200க்கு மேற்பட்ட சுவர் ஓடுகளில் படம் அச்சடித்தோம் என்பது அதன் சாரம். கையால் வரைவதானால் நூறு பேராலும் அந்த நேரத்தில் முடியாத வேலை. வெட்ஜ்வுட்டே தன் பாத்திரங்களை ஸ்டஃபோர்ட்ஷயரிலிருந்து லிவர்பூலுக்கு அனுப்பி, படம் அச்சடித்து எடுத்தார். துறைமுக நகரத்தில் வளர்ந்த கலை என்றபடியால் கப்பலும் மாலுமியும் அதில் ஏறியதில் அதிசயமில்லை. அதே லிவர்பூல்தான் அக்காலத்தில் அடிமை வியாபாரத்தின் பெரிய துறைமுகம் என்பதையும் சொல்லாமல் போகக்கூடாது. கப்பலுக்கு நல்வாழ்த்துக் கூறும் லிவர்பூல் பாத்திரங்களில் அடிமைக் கப்பல்களுக்கு வாழ்த்துக் கூறியவையும் உண்டு. 1807இல் அந்த வியாபாரத்தைச் சட்டம் நிறுத்தியது. அதற்கு இருபது வருடம் முன்பே, 1787இல், விலங்கிட்ட அடிமை முழந்தாளிட்டுக் கேட்கும் சின்னத்தை வெட்ஜ்வுட் சூளையில் செய்து பரப்பினார். ஒரே தொழில், ஒரே காலம், இரண்டு பக்கமும்.

அட்மிரல்களைப் பாத்திரத்தில் வைத்துக் கொண்டாடும் வழக்கம் இன்னும் சற்றுப் பழையது. 1739இல் அட்மிரல் வெர்னன் ஆறு கப்பல்களோடு போய், இன்றைய பனாமாவில் உள்ள போர்ட்டோபெல்லோவை ஸ்பானியரிடமிருந்து பிடித்தார். உடனே பதக்கம், குவளை, தேநீர்ப் பாத்திரம் என்று எல்லாவற்றிலும் வெர்னன். நீங்கள் சனிக்கிழமைகளில் சாமான் வாங்கப் போகும் போர்ட்டோபெல்லோ வீதியின் பெயரும் அந்த வெற்றியிலிருந்து வந்ததுதான்.

ஆனால் உச்சம் என்றால் நெல்சன் காலம். பிரான்சோடு 1793இல் தொடங்கிய யுத்தம் இடையில் சிறிது ஓய்ந்ததைத் தவிர 1815வரை நீடித்தது. 1794இல் ஹவ், 1797இல் சென் வின்சென்ட்டும் டங்கனும், 1798இல் நைல் நதி முகத்தில் நெல்சன். ஒவ்வொரு வெற்றிச் செய்திக்கும் ஒரு ஜக். இவற்றில் 'பிராட்' வகை என்று ஒன்று உண்டு. அச்சில் வார்த்துப் புடைப்பாக எடுத்த உருவங்களுக்கு மஞ்சள், நீலம், பச்சை, கபிலம் என்று பளிச்சென்ற நிறம் தீட்டிய ஜக்குகள். ஒரு பக்கம் நெல்சன், மறுபக்கம் கப்டன் பெரி. ஒளிக்காமல் சொல்வதானால் இரண்டு பேரும் அண்ணன் தம்பி போலத்தான் இருப்பார்கள். பெயர் எழுதியிராவிட்டால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. வாங்கியவர்களுக்கும் அது ஒரு குறையாகப் பட்டிருக்காது, அவர்கள் ஒருபோதும் நெல்சனை நேரில் கண்டதில்லையே. 1805 ஒக்டோபர் 21ஆம் திகதி ட்ரஃபல்காரில் நெல்சன் இறந்த பிறகு வந்த ஜக்குகள் வேறு மாதிரி. ஒரு பக்கம் அவர் முகம், மறுபக்கம் இரு கடற்படைகளும் எப்படி அணிவகுத்தன என்று காட்டும் வரைபடம். சமையலறை மேசையில் வைத்துப் பார்க்க ஒரு போர் வரைபடம்!

எங்கள் பிள்ளைகள் இங்கே பாடசாலையில் இதை எல்லாம் 'அவர்களின் தேசபக்தி' என்று படிக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அமெரிக்க ஜக்குகளைப் பார்க்கும் வரைக்கும்.

அமெரிக்கா பிரித்தானியாவோடு சண்டையிட்டுச் சுதந்திரம் பெற்றது. யுத்தம் முடிந்ததும் லிவர்பூல்காரர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, அமெரிக்கருக்கு ஜக் விற்றது. ஜோர்ஜ் வொஷிங்டன் 1799இல் இறந்ததும், தேவதூதர் அவரை வானுலகுக்கு எடுத்துச் செல்லும் படத்தோடு ஜக் வந்தது. செய்தது இங்கிலாந்தில். அந்த வொஷிங்டனின் வீட்டுக்கு மவுண்ட் வெர்னன் என்று பெயர் வைத்தவர் அவருடைய மூத்த சகோதரர். வெர்னன் யார்? சற்று முன் சொன்ன அதே அட்மிரல்தான். கப்பல் படங்களிலோ இன்னும் வேடிக்கை. செப்புத்தகட்டில் செதுக்கிய கப்பல் ஒன்றேதான். வாங்க வந்த கப்டன் ஆங்கிலேயர் என்றால் ஆங்கிலக் கொடி, அமெரிக்கர் என்றால் அமெரிக்கக் கொடி. கொடியை மட்டும் கையால் நிறம் தீட்டி, கீழே கப்பலின் பெயரை எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

அதோடு நிற்கவில்லை. 1812இல் இரண்டு நாடுகளும் மீண்டும் சண்டை பிடித்தன. அவ்வருடம் ஓகஸ்ட் 19ஆம் திகதி 'கொன்ஸ்டிடியூஷன்' என்ற அமெரிக்கக் கப்பல் 'கெரியர்' என்ற பிரித்தானியக் கப்பலை அடித்து நொறுக்கியது. அந்தத் தோல்வியைக் கொண்டாடும் ஜக்குகளையும் ஸ்டஃபோர்ட்ஷயரிலேதான் செய்தார்கள். தங்கள் சொந்தக் கடற்படை தோற்ற படத்தை அச்சடித்து, பொதி கட்டி, கப்பலேற்றி, காசு எண்ணி வாங்கினார்கள். அதைக் குறை என்று நான் சொல்லவில்லை. சூளை எரியவேண்டும், கூலி கொடுக்கவேண்டும். ஆனால் ஜக்கில் கொடி இருக்கிறது என்பதற்காக அதைச் செய்தவரின் மனதில் அந்தக் கொடி இருந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இனி எங்கள் பக்கம் வருகிறேன். அதே 'கொன்ஸ்டிடியூஷன்' அவ்வருட டிசெம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் 'ஜாவா' என்ற இன்னொரு பிரித்தானியக் கப்பலைப் பிடித்து எரித்தது. ஜாவா பம்பாய்க்குப் புறப்பட்ட கப்பல். அதில் ஒரு புதிய போர்க்கப்பலைக் கட்டுவதற்கான வரைபடங்கள் இருந்தன. அவை போய்விட்டன. மீண்டும் பிரதி எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. அப்படித் தாமதித்துப் பம்பாயில் வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சர்கள் தேக்கு மரத்தில் கட்டி, 1817 ஒக்டோபர் 12ஆம் திகதி கடலில் இறக்கிய கப்பலின் பெயர் 'திருகோணமலை'. ஆம், எங்கள் திருகோணமலை. 1782இல் அந்தத் துறைமுகத்துக்கு வெளியே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நடத்திய கடற்சண்டையின் நினைவாக வைத்த பெயர். அந்தக் கப்பல் இன்றும் மிதக்கிறது. நான் இருக்கும் பகுதியில், ஹார்ட்டில்பூல் துறையில் நிற்கிறது. பிரித்தானியாவில் இன்னும் மிதக்கும் மிகப் பழைய போர்க்கப்பல் அதுதான். திருகோணமலையிலிருந்து வந்த தங்கைமார் இங்கே இரண்டு பேர் இருக்கிறீர்கள், கோடை விடுமுறைக்கு வாருங்கள், நான் கூட்டிக்கொண்டு போகிறேன். செயலாளருக்கு என் பதிலில் பாதி இது. மிச்சப் பாதி இதைவிடப் பெரியது.

அதற்கு சண்டர்லாண்ட் நகரத்துக்குப் போகவேண்டும். வியர் நதியின் கழிமுகத்தில், நிலக்கரிக் கப்பல்களும் கப்பல் கட்டும் துறைகளும் நிறைந்திருந்த ஊர். 1796 ஓகஸ்ட் 9ஆம் திகதி அங்கே நதிக்கு மேலே ஒரே வளைவில் வார்ப்பிரும்புப் பாலம் ஒன்று திறந்தார்கள். வளைவின் அகலம் 236 அடி. பாய்மரக் கப்பல் கீழால் போகும். அந்தப் பாலம் சண்டர்லாண்ட் ஜக்குகளில் அடுத்த அறுபது எழுபது வருடங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்தது. ஜக்கின் ஒரு பக்கம் பாலம், இன்னொரு பக்கம் மாலுமி விடைபெறும் காட்சி, மூக்குக்குக் கீழே ஒரு வாழ்த்துப்பா. சிலவற்றில் அச்சுக்கு மேலே கறுப்பு மையால் கணவன் மனைவி பெயரும் வருடமும் கையெழுத்தாக எழுதப்பட்டிருக்கும்.

இரசாயனவியல் ரீச்சரால் இந்த இடத்தில் பேசாமல் இருக்க முடியாது. இந்த ஜக்குகளின் ஓரமெல்லாம் ஓர் இளஞ்சிவப்பு மினுமினுப்பு, நுரை பொங்கியது போல் புள்ளி புள்ளியாக. அது தங்கம். இராச நீரில் தங்கத்தைக் கரைத்து, வெள்ளீயத்தோடு சேர்த்து, எண்ணெயில் கலந்து, சுட்ட பாத்திரத்தின் மேல் மிக மெல்லியதாகப் பூசுவார்கள். ஈரம் காயுமுன் எண்ணெய்த் துளி தெளித்தால் அந்தப் புள்ளிகள் விழும். பிறகு மென்சூட்டில் ஒருமுறை சூளை. வெள்ளை மண்ணின் மேல் தங்கம் இளஞ்சிவப்பாகத் தெரியும், செம்மண்ணின் மேல் செம்பு போல் தெரியும். பிளாட்டினம் பூசினால் வெள்ளி நிறம். ஒரு ஜக்குக்குத் தேவைப்பட்டது தூசியளவு தங்கந்தான் என்றபடியால் மாலுமி வீட்டிலும் அது வாங்க முடிந்தது. உயர்தரத்தில் தங்கத்தின் சேர்வைகளைப் படித்தபோது அது அடுப்படி ஜக்கில் இருக்கும் என்று யார் சொன்னார்கள்? எங்கள் விடுதியில் தேத்தண்ணீர் ஊற்றிய ஜக் எனாமல், அதுவும் விளிம்பு உடைந்தது.

மாலுமி விடைபெறும் படத்தை நான் நீண்ட நேரம் பார்த்திருக்கிறேன். நீலச் சட்டை, தொப்பி, கையை அசைத்துக்கொண்டு நிற்பான். மனைவி கைக்குட்டையோடு. பின்னால் கப்பல் பாய் விரித்துக் காத்திருக்கும். இதற்கு இணையாகத் 'திரும்பி வந்தான்' என்ற படமும் உண்டு, அதிலே இருவரும் சிரிப்பார்கள். ஆனால் யுத்த காலத்தில் ஆட்பிடி கும்பல் தெருவில் பிடித்து இழுத்துக்கொண்டு போன மாலுமிகளுக்கு விடைபெற நேரமே கிடைக்கவில்லை. ட்ரஃபல்கார் காலத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கடற்படையில் இருந்தார்கள். அவர்களில் பெருந்தொகையானோர் விரும்பி ஏறியவர்கள் அல்லர். அந்தக் காட்சி ஜக்கில் வரவில்லை. யாரும் அதைக் காசு கொடுத்து வாங்கி அலுமாரியில் வைக்கமாட்டார்கள். ஆனால் பெயர் எழுதிய ஜக் ஒன்று வீட்டில் இருந்தால், அதைத் தினமும் துடைத்து வைத்த பெண்ணுக்குத் தெரியும், வருடத்தில் எத்தனை மாதம் அந்த இரண்டு பெயரில் ஒன்று வீட்டில் இல்லை என்று. இங்கே இருக்கிற எங்களில் சிலருக்கும் அந்தக் கணக்குத் தெரியும். கப்பலுக்குப் போன அப்பா, மத்திய கிழக்குக்குப் போன அண்ணா, படகேறிப் போன தம்பி. நான் அதை நீட்ட விரும்பவில்லை.

சிரிக்கவும் ஒன்று உண்டு. சில குவளைகளின் உட்புறத்தில், குடிக்கக் குடிக்க வெளியே தெரியும்படி, ஒரு மண் தவளை ஒட்டியிருக்கும். பியரின் மட்டம் இறங்கும்போது தவளை எட்டிப் பார்க்கும். எங்கள் அலுமாரியில் பிள்ளைகள் முதலில் தேடுவது நெல்சனை அல்ல, அந்தத் தவளையை.

பிறகு 1854இல் கிரிமிய யுத்தம். இம்முறை பிரான்ஸ் நண்பன். அரை நூற்றாண்டாகப் பிரெஞ்சுக்காரரைப் பழித்த சூளைகளிலிருந்து பிரித்தானியக் கொடியும் பிரெஞ்சுக் கொடியும் குறுக்காகக் கட்டிய ஜக்குகள் வந்தன. அதைப் பற்றி மேலும் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இப்போது மிச்சப் பாதிப் பதில். இந்தப் படங்களை ஜக்கில் வைத்த கைகள் யாருடையவை? அச்சறையில் ஒரு குழு இருக்கும். அச்சாளர் ஆண். அவர் சூடாக்கிய செப்புத்தகட்டில் மையைத் தேய்த்து, வழித்து, சவர்க்கார நீரில் நனைத்த மெல்லிய கடதாசியில் படத்தை எடுப்பார். அந்தக் கடதாசியிலிருந்து படத்தை ஓரம் பிசகாமல் வெட்டி எடுப்பது ஒரு சிறுமி. கத்தரிக்கோல் வேலை. பாத்திரத்தின் வளைவில் சுருக்கம் விழாமல் ஒட்டித் தூரிகையால் அழுத்தித் தேய்ப்பது பெண்கள். ஒட்டிய கடதாசியைப் பின் தண்ணீரில் கழுவி எடுத்தால் படம் பாத்திரத்தில் நிற்கும். கொடிக்கும் பூவுக்கும் நிறம் தீட்டியவர்களிலும் பெருந்தொகை பெண்களும் சிறுமிகளும்.

1840களின் தொடக்கத்தில் சிறுவர் தொழில் பற்றிய அரச விசாரணைக் குழுவுக்காக சாமுவேல் ஸ்கிரிவன் என்ற அதிகாரி ஸ்டஃபோர்ட்ஷயர் மண்பாண்டத் தொழிலகங்களுக்குப் போய், பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டு எழுதினார். எத்தனை வயது, எத்தனை மணிக்கு வேலைக்கு வருகிறாய், என்ன கூலி, வாசிக்கத் தெரியுமா, எழுதத் தெரியுமா. பத்து வயதை எட்டாத பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். வாசிக்கத் தெரியாது, எழுதத் தெரியாது என்ற பதில் அந்த அறிக்கையில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஞாயிறு பாடசாலையில் கொஞ்சம் வாசிக்கப் பழகினேன், எழுதத் தெரியாது என்பதும் நிறைய வருகிறது.

நான் அதை வாசித்த இரவு ஜக்கில் உள்ள பாக்களை நினைத்தேன். கடலில் போகிறவனைக் கடவுள் காக்கட்டும் என்றும், நண்பனை மறவாதே என்றும், நாலு வரி, எட்டு வரி. அந்த வரிகளை வெட்டி எடுத்தவள், நேராக ஒட்டியவள், தேய்த்தவள். எழுத்து தலைகீழாகிவிடக்கூடாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. எழுத்து என்ன சொல்கிறது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. மண்பாண்டத் தொழிலகங்களைத் தொழிற்சாலைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, பிள்ளைகளுக்கு அரைநாள் வேலை, அரைநாள் பாடசாலை என்று ஆக்கியது 1864இல். அதாவது நெல்சன் ஜக்குகளுக்கு அறுபது வருடம் பிந்தி.

நூறு வருடத்துக்கு முன் எங்கள் சங்கத்தைத் தொடங்கியவர்கள், எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் கூடிக் கடிதம் எழுதிக்கொள்ள வேண்டும் என்றுதான் தொடங்கினார்கள் என்று எங்கள் பழைய குறிப்பேடு சொல்கிறது. செயலாளர் தங்கச்சி, இதுதான் உங்களுக்கு என் பதில்.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு இரண்டொரு இடம். சண்டர்லாண்ட் நூதனசாலையில் இளஞ்சிவப்பு ஜக்குகள் ஏராளம். நெல்சன் ஜக்குகளுக்கு கிரீனிச். பிரைட்டன் பக்கம் இருப்பவர்கள் அங்குள்ள வில்லெட் சேகரிப்பைப் பாருங்கள். ஹென்றி வில்லெட் என்பவர், ஒரு நாட்டு மக்களின் வரலாற்றை அவர்கள் வீட்டு மண்பாண்டங்களிலேயே வாசிக்கலாம் என்று எண்ணி ஏறத்தாழ 2000 உருப்படிகளைச் சேர்த்தார். யார் செய்தது என்ற ஒழுங்கில் அல்ல, மாலுமி, போர்வீரன், அரசர் என்று பொருள்வாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஜக்கில் 1796 என்று இருந்தால் அது பாலம் திறந்த வருடம், ஜக் செய்த வருடம் அல்ல. தவளைக் குவளைகளையும் பாலம் போட்ட ஜக்குகளையும் 20ஆம் நூற்றாண்டிலும் செய்தார்கள். பழையதில் அடிப்புறம் மேசையில் உராய்ந்து உராய்ந்து தேய்ந்திருக்கும், ஒரே சீராக அல்ல, தாறுமாறாக. கண்ணாடிப் பூச்சில் மயிரிழை வெடிப்புகளும் கறையும் இருக்கும். கறையைத் தேநீரில் ஊறவைத்தும் உண்டாக்கலாம், ஆகவே கறையை நம்பி விலை கொடுக்க வேண்டாம். தண்ணீரோ பாலோ ஊற்றிக் குடிக்கவும் வேண்டாம், பூச்சில் ஈயம் இருக்கிறது.

அந்த மேசையில் இரண்டு ஜக் வைத்திருக்கிறேன். ஒன்று நூற்றைம்பது வருடத்துக்கு மேற்பட்டது, மற்றது என் மகள் பிறந்த பிறகு செய்தது. எது எதுவென்று இப்போது சொல்லமாட்டேன். தேநீர் இடைவேளையில் வந்து பாருங்கள். மோதிரத்தையும் காப்பையும் கழற்றிவிட்டு, ஒரு கையை அடியிலும் மறுகையை வயிற்றிலும் வைத்துத் தூக்குங்கள். கைப்பிடியில் மட்டும் பிடித்துத் தூக்காதீர்கள், இரண்டில் ஒன்றுக்கு அது ஏற்கெனவே ஒருமுறை உடைந்து ஒட்டியது.